பரிவும் களைப்பும்: ஒரு சொல்லின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த எவரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எரிந்து விழுந்த ஒரு நர்ஸம்மாவின் கதை கட்டாயம் வரும். "புள்ள வலியில கத்துறா, அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல. இரக்கமே இல்லாத சென்மம்." இந்தப் புகாரைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஏச்சு யார்மேல் விழுகிறது என்று கவனித்தால் பெரும்பாலும் ஏழைகள், தலித்துகள், பிரசவத்துக்கு வந்த பெண்கள். சாதியும் வர்க்கமும் அந்தக் குரலில் இருக்கின்றன. ஆனால் புகார் அந்த ஒரு பெண்ணின் குணத்தோடு நின்றுவிடுகிறது. அந்த வார்டில் எத்தனை படுக்கைக்கு அவர் ஒருவர், அது தொடர்ச்சியாக எத்தனையாவது இரவு, முந்தின வாரம் அவர் கண்ணெதிரே எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் கதைக்குள் வருவதில்லை.

இன்னொரு கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. சாதிக் கலவரம் நடந்த சில ஊர்களுக்குப் போன உண்மை அறியும் குழுவொன்றில் நானும் இருந்தேன். பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசி வாக்குமூலங்களை எழுதும் வேலை ஒரே ஒரு தோழரிடம் விடப்பட்டது. பெண் என்பதால் அவரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது எங்கள் நியாயம். பகலில் கேட்டதை இரவில் உட்கார்ந்து அவரே படியெடுத்தார். அறிக்கை வந்தது. கூட்டம் போட்டோம். அடுத்த குழுவுக்குக் கூப்பிட்டபோது அவர் ஃபோனை எடுக்கவில்லை. "குடும்பம்னு ஆயிட்டா இப்படித்தான்" என்றோம். 'நடுத்தர வர்க்க ஊசலாட்டம்' என்று கொஞ்சம் கோட்பாட்டோடும் சொன்னோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம்.

பிறர் துயரத்தோடு புழங்குவதையே வேலையாகக் கொண்டவர்கள் - செவிலியர், சமூகப் பணியாளர், ஆலோசகர், அங்கன்வாடிப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர், வன்கொடுமைகளைப் பதிவு செய்யும் களப்பணியாளர் - ஒரு கட்டத்தில் உணர்வு வற்றிப்போவதை 'பரிவுச் சோர்வு' என்று உளவியல் இன்று குறிக்கிறது. தூக்கம் கெடும். கேட்ட கதைகள் கனவில் வரும். எதிரில் இருப்பவர் எரிச்சலூட்டுவார். கடைசியில் எதுவும் உறைக்காது. நர்ஸம்மாவின் சிடுசிடுப்பையும் தோழரின் மௌனத்தையும் இந்த ஒரு சொல்லால் விளக்கிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்தச் சொல்லே ஒரு வரலாற்றின் விளைவு. வேலை எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்பது பற்றிய அறிதலாகத் தொடங்கிய ஒன்று, தனிமனுஷியின் மனசைப் பற்றிய நோய்க்குறியாக மாறியிருக்கிறது. அந்த மாற்றம் எங்கே, எப்படி நடந்தது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

2

மனவடு குறித்த நவீனச் சொல்லாடல் பரவலானது முதல் உலகப் போரில். 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை மூலம் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவத்துக்குள் வந்தது. குண்டு வெடித்த அதிர்ச்சியில் பேச்சிழந்த, பார்வையிழந்த, நடுங்கிக்கொண்டேயிருந்த சிப்பாய்களைக் குறிக்க வந்த சொல் அது. 1917இல் பிரிட்டிஷ் ராணுவமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 'இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சார்ந்தது' என்று எழுதினால் போதும் என்று உத்தரவு. பெயர் வைத்தால் அது நோயாகிவிடும், நோயாளியைக் களத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது, பிறகு ஓய்வூதியமும் தர வேண்டியிருக்கும். ஒரு துயரத்துக்குப் பெயர் வைப்பதும் பெயரைப் பறிப்பதும் அதிகாரத்தின் வேலை என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டியதில்லை.

எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் புத்தகம் வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான். மின்சாரம் பாய்ச்சிப் பேச வைக்கிற முறைகள் நடைமுறையிலிருந்த காலத்தில் அவர் உட்கார்ந்து கேட்டார், பேச விட்டார். போருக்கு எதிராக அறிக்கை வெளியிட்ட கவிஞர் சீக்ஃப்ரீட் சஸூன் 1917இல் அவரிடம்தான் அனுப்பப்பட்டார். கடைசியில் சஸூன் மறுபடியும் போர்முனைக்கே போனார். முறை எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் 'குணமாகிவிட்டார்' என்பதற்கு அந்த நிறுவனத்தில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. குணத்தின் அர்த்தத்தைத் தீர்மானிப்பது யார் என்ற இந்தக் கேள்வி பரிவுச் சோர்வின் வரலாறு நெடுக நம்மைத் தொடரும்.

3

இதற்கு நேரெதிரான ஒரு முயற்சி இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் மலைப்புற ஊர் ஒன்றில் நடந்தது. லொஸேர் பகுதியில் உள்ள சேந்த் அல்பான் மனநல விடுதிக்கு 1940 ஜனவரியில் பிரான்சுவா தொஸ்கெல் என்ற கத்தலான் மருத்துவர் வந்து சேர்ந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராக நின்று, தோற்று, எல்லை தாண்டி அகதி முகாமில் கிடந்தவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சின் மனநல விடுதிகளில் 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் செத்தார்கள். சேந்த் அல்பானில் சாவு மிகவும் குறைவு. காரணம், நோயாளிகளும் பணியாளர்களும் மதிலைத் தாண்டி வெளியே போய்ச் சுற்றுப்புற விவசாயிகளோடு சேர்ந்து உழைத்தார்கள், பண்டமாற்றுச் செய்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள். தலைமறைவுப் போராளிகளும் கவிஞர் பால் எலுவார் போன்றவர்களும் அங்கே ஒளிந்திருந்தார்கள்.

தொஸ்கெல்லின் வாதம் எளிமையானது: மருத்துவமனையே நோயுற்றிருக்கிறது, அதை முதலில் குணப்படுத்தியாக வேண்டும். டாக்டர், நர்ஸ், காவலாளி, நோயாளி என்று அடுக்கடுக்காக இருந்த படிநிலை அங்கே கலைக்கப்பட்டது. நோயாளிகள் நடத்திய மன்றம், 1950இல் தொடங்கிய அவர்களுடைய சொந்தப் பத்திரிகை, எல்லோரும் உட்காரும் அன்றாடக் கூட்டங்கள் எல்லாம் வந்தன. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த ஆட்கள் அதுவரை சாவி வைத்திருக்கும் காவலர்களாகவே இருந்தார்கள். இந்தக் கூட்டங்களில்தான் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பணியாளரின் மனநலம் தனியே கவனிக்கப்படவில்லை என்பது. நோயாளிக்கும் பணியாளருக்கும் நடுவே இருக்கிற உறவையே சிகிச்சைக்கு உட்படுத்தினார்கள்.

அங்கே பயின்று 1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்குப் போனவர் பிரான்ஸ் ஃபனான். சேந்த் அல்பான் முறைகளை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனார். ஐரோப்பியப் பெண்களின் வார்டில் அவை வேலை செய்தன. முஸ்லிம் ஆண்களின் வார்டில் அடியோடு தோற்றன. நாடகமும் கொண்டாட்டமும் கைவினை வகுப்பும் அவர்களுடைய வாழ்க்கையைச் சேர்ந்தவையாக இல்லை. தோல்வியை ஃபனான் தன் சக மருத்துவரோடு சேர்ந்து 1954இல் கட்டுரையாகவே எழுதினார். தவறு நோயாளிகளிடம் இல்லை, காலனியப் பார்வையோடு வந்த தங்களிடம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அங்கே மூர் இனத்தவரின் காப்பிக்கடை வந்தது, கதைசொல்லி வந்தார், இஸ்லாமியப் பண்டிகைகள் வந்தன. பராமரிப்பு முறைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பார்சல் கட்டி அனுப்ப முடியாது என்ற பாடம் இது. இன்று 'பயிற்சிக் கையேடு' வைத்துக்கொண்டு வந்திறங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு இது இன்னமும் உறைக்கவில்லை.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. 1961இல் வெளிவந்த ஃபனானின் கடைசிப் புத்தகத்தில் ஓர் ஐரோப்பியப் போலீஸ் அதிகாரி வருகிறார். அல்ஜீரியக் கைதிகளை நாள் முழுக்கச் சித்திரவதை செய்கிற வேலை. வீட்டுக்கு வந்து மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கியதும் பயந்துபோய் மருத்துவரிடம் வருகிறார். வேலையை விடுகிற உத்தேசம் அவருக்குக் கிடையாது. மனஉறுத்தல் இல்லாமல், நிதானமாகச் சித்திரவதை செய்ய உதவ வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. இது பரிவுச் சோர்வு அல்ல என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் 'மீள்திறன்' என்று இன்று சொல்லப்படுவதன் எல்லை இங்கேதான் தெரிகிறது. வேலையைக் கேள்வி கேட்காமல், அதைச் செய்பவரின் உறுத்தலை மட்டும் தணித்துத் திருப்பி அனுப்புகிற எந்தச் சிகிச்சைக்கும் இந்த அதிகாரி நல்ல நோயாளிதான். ஃபனான் 1956இல் அரசாங்க மருத்துவமனைப் பதவியை ராஜினாமா செய்தார். ஒரு மக்கள் கூட்டத்தையே அந்நியமாக்குகிற அமைப்புக்குள் உட்கார்ந்து தனிமனிதர்களைத் தேற்றி அனுப்புவது அவருக்கு இயலாமல்போனது.

4

1960இல் லண்டனில் இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையின் செவிலியர் அமைப்பை ஆராய்ந்து எழுதினார். மாணவச் செவிலியர் பாதியிலேயே விட்டுப் போவது நிர்வாகத்தின் கவலைகளில் ஒன்று. மென்ஸீஸ் கண்டது இது: நோயாளியின் உடல், வலி, சாவு ஆகியவற்றுக்கு மிக அருகில் இருப்பதால் எழும் பதற்றத்தைத் தடுக்கவே மருத்துவமனை தன் வேலைமுறையை வடிவமைத்து வைத்திருக்கிறது. ஒரு செவிலி ஒரு நோயாளியை முழுசாகப் பார்த்துக்கொள்வதில்லை. முப்பது பேருக்குக் காய்ச்சல் பார்ப்பது, முப்பது பேருக்கு மருந்து கொடுப்பது என்று வேலை துண்டு துண்டாகிறது. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'பத்தாம் நம்பர் கட்டில் ஈரல்' என்கிறார்கள். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் பதற்றம் குறையவில்லை. மாறாக, வேலையில் கிடைக்கக்கூடிய திருப்தியும் போய்விட்டது. உணர்வுள்ளவர்களே முதலில் வெளியேறினார்கள்.

நம் வார்டு நர்ஸம்மாவின் திரும்பிப் பார்க்காத முகத்தை இப்போது நினைத்துக்கொள்ளலாம். அந்த முகத்தை அமைப்பு அவருக்குப் பயிற்சியாகவே கொடுத்திருக்கிறது.

எழுபதுகளில் அமெரிக்காவில் இந்த அறிதல் இயக்கங்களுக்குள்ளிருந்து எழுந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வியட்நாமிலிருந்து திரும்பி, அந்தப் போருக்கு எதிராகத் திரண்ட சிப்பாய்கள் 1970இல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன் போன்ற உளமருத்துவர்கள் அங்கே கேட்பவர்களாகப் போனார்கள். அதே ஆண்டுகளில் பெண்கள் இயக்கம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மையங்களைத் தொடங்கியது. இந்த இரண்டு அழுத்தங்களின் விளைவாகத்தான் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் மனவடு ஒரு நோயாக அங்கீகாரம் பெற்றது. மனவடு பற்றிய ஆராய்ச்சி முன்னேறுவதற்கு ஓர் அரசியல் இயக்கம் பின்னால் நிற்க வேண்டும், இயக்கம் தளர்ந்தால் அறிவும் மறதிக்குள் போய்விடும் என்று 1992இல் ஜூடித் ஹெர்மன் வாதிட்டது இதைக் கண்டுதான்.

'எரிந்து தீய்தல்' என்ற சொல்லும் இப்படித்தான் வந்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் பகலில் தன் சொந்த மருத்துவ அறையிலும் இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றிலும் வேலை பார்த்தார். போதை மருந்துக்கு அடிமையான இளைஞர்களுக்கென்று தன்னார்வலர்கள் நடத்திய இடம் அது. அங்கே பணியாற்றியவர்களும் தானும் ஓய்ந்துபோனதை வைத்து 1974இல் அவர் எழுதிய கட்டுரை உளவியலில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது. அதிக அர்ப்பணிப்பு உள்ளவர்களே முதலில் தீய்ந்துபோகிறார்கள் என்றார். அவர் சொன்ன பரிகாரங்களைப் பாருங்கள்: ஒரே ஆளை ஒரே கடினமான வேலைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள், வேலை நேரத்துக்கு வரம்பு வையுங்கள், விடுப்பு கொடுங்கள், ஆட்களைக் கூட்டுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். ஏறக்குறைய ஒரு தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல் இது. எங்கள் குழுவின் தோழருக்கு நாங்கள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

கிறிஸ்டினா மாஸ்லாக் சமூகநலப் பணியாளர்கள், மனநலச் செவிலியர்கள், ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல்கள், சிறைப் பணியாளர்கள் எனப் பலரிடமும் பேசி 1976இல் எழுதியபோதும் அழுத்தம் வேலைச் சூழலின்மேல்தான் இருந்தது. 1981இல் அவரும் சூசன் ஜாக்சனும் உருவாக்கிய அளவுகோல் மூன்றைக் கணக்கிடுகிறது: உணர்ச்சி வற்றுதல், எதிரில் இருப்பவரை ஆளாகவே பார்க்காத தன்மை, செய்த வேலையால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம்.

5

தொண்ணூறுகளில் சொல் இடம் மாறுகிறது. 1990இல் மெக்கேனும் பேர்ல்மனும் 'பிறர் வழி மனவடு' பற்றி எழுதினார்கள். கேட்பவரின் உலகப் பார்வையையே கேட்ட கதைகள் மாற்றிவிடுகின்றன என்பது அவர்கள் கருத்து. 1992இல் கார்லா ஜாய்ன்சன் செவிலியர் பத்திரிகையொன்றில் 'பரிவுச் சோர்வு' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1995இல் சார்ல்ஸ் ஃபிக்லி தொகுத்த நூல் அதைத் துறையாகவே ஆக்கியது. ஃபிக்லி வியட்நாமில் மரைன் படைச் சிப்பாயாக இருந்தவர், அங்கிருந்து மனவடு ஆய்வுக்கு வந்தவர். பரிவு காட்டுவதற்கு ஒரு விலை உண்டு என்று சொன்னதில் அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல் பலருக்கு நன்மையும் செய்தது. 'நான் கெட்டவளாகிவிட்டேனோ' என்று தனக்குள் குமைந்துகொண்டிருந்த ஒரு செவிலிக்கு, இது தெரிந்த விஷயம்தான், நிறையப் பேருக்கு நடக்கிறது என்று சொல்லக் கிடைத்தது. 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, வேலையின் பொருட்டு உடல் எச்சங்களைப் பொறுக்குபவர்களும் குழந்தைகள்மேல் நடந்த கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் காவலர்களும் மனவடுவுக்கு ஆளாகலாம் என்று ஒப்புக்கொண்டது. இழப்பீடு கேட்க இது ஒரு பிடி.

ஆனால் கேள்வியின் முகவரி மாறிவிட்டதே! ஃப்ராய்டன்பெர்கர் ஆட்களைக் கூட்டச் சொன்னார். அடுத்த தலைமுறைப் பயிலரங்குகள் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கின்றன. பரிவு என்பது ஒருவர் உள்ளே வைத்திருக்கும் தொட்டித் தண்ணீர், அது தீர்ந்தால் அவரே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்ற உருவகம் நிர்வாகத்துக்கு மிகவும் தோதானது. தியானத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் நான் விரோதி அல்ல. நாற்பது நோயாளிக்கு ஒருவர் என்ற கணக்கை அவை மாற்றாது என்பதுதான் விஷயம். மாஸ்லாக்கே இதைக் கண்டு 1997இல் மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து எழுதிய நூலில் வேலைப்பளு, கட்டுப்பாடு, பலன், கூட்டுணர்வு, நியாயம், மதிப்பீடு என்ற ஆறும் அமைப்பில் இருப்பவை, ஆளிடம் அல்ல என்று மறுபடியும் வலியுறுத்த வேண்டியிருந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம், எரிந்து தீய்தல் வேலை சார்ந்த நிகழ்வு, நோயல்ல என்று வகைப்படுத்தியது.

'மனவடு அறிந்த பராமரிப்பு' என்பதும் இதே இழுபறியில் சிக்கியதுதான். 2001இல் ஹாரிஸும் ஃபாலட்டும் இதை விளக்கினார்கள். 2014இல் அமெரிக்க அரசின் மனநலத் துறை ஆறு கோட்பாடுகளாக வகுத்தது: பாதுகாப்பு, நம்பகம், சகாக்களின் துணை, கூட்டாகச் செய்தல், பேசவும் தேர்ந்தெடுக்கவும் உரிமை, பண்பாடு-வரலாறு-பாலினம் குறித்த கவனம். 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்பதை விட்டு 'உனக்கு என்ன நடந்தது' என்று கேட்பது இதன் சாரம். நல்லது. ஆனால் பேசவும் தேர்ந்தெடுக்கவும் உரிமையில்லாத ஒரு ஒப்பந்தச் செவிலி நோயாளிக்கு மட்டும் அந்த உரிமையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? பணியாளரை நிறுவனம் நடத்துகிற விதமே பணியாளர் நோயாளியை நடத்துகிற விதமாக மறுபிறவி எடுக்கிறது என்று சாண்ட்ரா ப்ளூம் போன்றவர்கள் இந்தத் துறைக்குள்ளிருந்தே சொல்லியிருக்கிறார்கள்.

6

இந்தச் சொல்லாடல் முழுவதும் ஒரு காட்சியை முன்கற்பிதம் செய்கிறது: பாதுகாப்பான அறை. ஒரு பக்கம் துயருற்றவர், மறுபக்கம் துயரமில்லாத கேட்பவர். துயரம் மேசையைத் தாண்டி ஒட்டிக்கொள்கிறது. 'இரண்டாம் நிலை' மனவடு என்ற பெயரே இந்தக் காட்சியிலிருந்து வருவது.

யாழ்ப்பாணத்தில் அப்படியொரு மேசை இருந்ததில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களுமாக அறுபது பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வைத்தியசாலை இயங்கியது. செத்தவர்களின் சகாக்கள் அதே வார்டுகளில் வேலைக்கு வந்தார்கள். 2009இல் வன்னியில் தற்காலிக வைத்தியசாலைகள் பள்ளிக்கூடங்களுக்கு மாறி மாறி இடம்பெயர்ந்தன, ஷெல்லும் தொடர்ந்து வந்தது. அங்கே இருந்த ஒருசில அரசாங்க மருத்துவர்கள் போர் முடிந்ததும் தடுத்துவைக்கப்பட்டார்கள். தாங்கள் முன்பு வெளியிட்ட சாவு எண்ணிக்கை மிகையானது என்று 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன் சொன்னார்கள், காவலில் இருந்தபடியே. காயத்துக்குக் கட்டுப் போட்டவரே சாட்சியாகவும் கைதியாகவும் ஆகிற இடத்தில் அவருக்கு நடந்ததை 'சோர்வு' என்று எந்த வாயால் சொல்வது?

'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரும் யாழ்ப்பாணத்திலேயே இருந்து பணியாற்றியவருமான உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியிட்ட நூலிலும் பிந்தைய கட்டுரைகளிலும் 'கூட்டு மனவடு' என்று பேசுவது இந்த அனுபவத்திலிருந்துதான். உடைந்தது தனிமனசு மட்டுமல்ல. குடும்பம், அயல், கோயில், பள்ளிக்கூடம், ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைந்திருக்கின்றன. எனவே ஆசிரியர்கள், கிராம மட்டப் பணியாளர்கள் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து உறவுகளைத் திரும்பக் கட்டுவதே சிகிச்சையாகிறது. எல் சல்வதோரில் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ மனவடுவை மனிதர்களுக்கு இடையிலான உறவுகளில் வைத்துப் பார்த்தார். 1989 நவம்பரில் ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. பராமரிப்பவரும் அதே வரிசையில் நிற்கிறார் என்ற உண்மையிலிருந்து தொடங்கினால் 'கேட்பவருக்கு என்ன ஆகிறது' என்ற கேள்வி அரசியல் கேள்வியாக ஆகாமல் இருக்க முடியாது.

7

நம்மூரில் இதற்கு இன்னொரு திரை இருக்கிறது. 'தொண்டு' என்ற சொல்தான் அது. சேக்கிழார் தன் நூலுக்கு வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். ஓர் ஆழ்வாருக்குப் பெயரே தொண்டரடிப்பொடி. தொண்டு என்பதற்கு அடிமைத்தன்மை என்றும் பொருள் உண்டு. துறவறச் சபைகள் வழியாக வந்த 'சிஸ்டர்' இதோடு சேர்ந்துகொண்டது. தொண்டருக்குக் களைப்பு வராது, வந்தால் அது பக்திக் குறைவு. சம்பளம் கேட்டால் அது இன்னும் பெரிய குறை.

அரசு இந்த மொழியை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் 'கௌரவப் பணியாளர்கள்', அவர்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம். 2005இல் வந்த 'ஆஷா' திட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் 'தன்னார்வலர்கள்'. பிரசவத்துக்குக் கூட்டிப்போனால் இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. கொரோனாக் காலத்தில் வீடுவீடாகப் போனவர்கள் இவர்கள்தான். செத்த வீட்டில் அழுகையும் கேட்டார்கள், நோயைக் கொண்டுவருகிறாள் என்று ஏச்சும் வாங்கினார்கள். 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தது. இவற்றில் பரிவுச் சோர்வைத் தடுக்கும் மருந்து எது என்று கேட்டால் நான் பணிக்கொடையைத்தான் சொல்வேன்.

8

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வரலாறு சில பாடங்களைத் தெளிவாகவே விட்டுச் சென்றிருக்கிறது. கொடூரத்தைக் கேட்டு வந்தவரை அன்றைக்கே உட்காரவைத்துக் கட்டாயமாக எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் ஒருநாள் அமர்வுகள் எண்பதுகளிலிருந்து பிரபலம். அவற்றால் மனவடு தடுக்கப்படுவதில்லை என்று தெரிந்ததால் 2005இல் பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் அவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றன. பேச்சை யாரிடமிருந்தும் பிடுங்கக் கூடாது. பேச விரும்பும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும். 2007இல் வந்த பன்னாட்டு நெருக்கடிக்கால வழிகாட்டி, பணியாளர், தன்னார்வலர் இருவரின் மனநலத்தையும் நிறுவனத்தின் பொறுப்பாகவே வைத்தது.

அரசையும் தொண்டு நிறுவனத்தையும் கேட்கிற கேள்விகளை நம் அமைப்புகளிடமும் கேட்டாக வேண்டும். இயக்கத்தில் தியாகம் என்று ஒரு பெருங்கதையாடல் உண்டு. சாப்பிடாமல், தூங்காமல், வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவரின் படம்தான் நம் சுவரில் தொங்கும். களைத்துப்போனேன் என்று சொன்னவருக்கு அங்கே இடமில்லை. அதிலும் கேட்கிற வேலை, அழுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்கிற வேலை எல்லாம் பெண் தோழர்களுக்கு. அறிக்கை எழுதி மேடையில் வாசிக்கிற வேலை நமக்கு.

பல வருஷம் கழித்து அந்தத் தோழரைப் பார்த்தேன். நாங்கள் சொன்னதெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நாலாவது நாள் ராத்திரி ஒரு ஆள் பக்கத்துல உக்காந்திருந்தா போதும். நீங்கல்லாம் அறிக்கைக்குத் தலைப்பு என்ன வைக்கலாம்னு பேசிட்டிருந்தீங்க" என்றார்.

எனவே சில எளிய ஏற்பாடுகளை முன்வைக்கிறேன். வாக்குமூலம் எழுத எப்போதும் இரண்டு பேர். கேட்டவரே அன்றிரவு படியெடுக்கக் கூடாது. ஒருவர் தொடர்ச்சியாக எத்தனை நாள் கேட்கலாம் என்று கிளம்புவதற்கு முன்பே வரம்பு. அந்த வேலையை ஆண்களும் கற்றுக்கொண்டு செய்வது. திரும்பி வந்த பிறகு அறிக்கைக்கு ஒரு கூட்டம் என்றால் போய்வந்தவர்களுக்காக ஒரு கூட்டம். 'இந்த முறை என்னால முடியாது' என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது. சாட்சி சொன்ன பெண்களிடம் திரும்பிப் போய் என்ன ஆயிற்று என்று பார்ப்பது. ஏனென்றால் கேட்டவரை மிகவும் அரிப்பது, கேட்டுவிட்டு விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான்.

இவை போதாது என்பது எனக்கும் தெரியும். மருத்துவமனையில் ஆட்களைக் கூட்டச் சொல்லிச் செவிலியர் போராடும்போது அதை 'சம்பளப் போராட்டம்' என்று ஒதுக்காமல் நோயாளிகளின் போராட்டமாகவும் பார்க்கிற பார்வை நம்மிடம் வர வேண்டும். களத்தில் வேலை செய்கிற வாசகர்கள், குறிப்பாகப் பெண் தோழர்கள், தங்கள் அனுபவங்களையும் மறுப்புகளையும் எழுதினால் இந்த விவாதத்தைத் தொடரலாம்.